புள்ளி இல்லாத ஆறு வளையல்கள்

திருச்சூருக்குப் பக்கத்தில் ஒல்லூரில் த்ரேசியாவின் கடைக்கு இரண்டு வாசல். முன்வாசல் சர்ச் ரோட்டைப் பார்த்தது. அதில் வருகிறவர்கள் ஜிமிக்கி, கொலுசு, பிள்ளைகளுக்குப் பாசிமணி என்று ஏதாவது வாங்கிப் போவார்கள். பின்வாசல் வாழைத்தோட்டத்துக்குள் திறக்கும். அதில் வருகிறவர்கள் ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் மத்தியான நேரமாகப் பார்த்து, குடையைத் தாழப் பிடித்துக்கொண்டு வருவார்கள். மழை இல்லாத நாளிலும் குடை இருக்கும். த்ரேசியாவுக்குச் சோறு போட்டது அந்தப் பின்வாசல்தான்.

வருகிறவர்கள் கல்யாணப் பெண்ணைப் பெற்றவர்கள். பையன் வீட்டில் ஒருவரும் இத்தனை பவுன் என்று வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார்கள். "நீங்க உங்க மோளுக்குச் செய்யறதைச் செய்யுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று திருச்சூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பெண் சர்ச் படியேறும்போது முழங்கை வரை மின்ன வேண்டும். கையில் இருக்கிற நிஜப் பவுன் மணிக்கட்டைத் தாண்டாது. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கிற தூரம் த்ரேசியாவின் பொறுப்பு.

வேலை செய்கிறவன் அவள் புருஷன் லோனப்பன். பித்தளை வளையலைத் தேய்த்து, கழுவி, செம்புத் தண்ணீரில் போட்டு, கடைசியில் முலாம் தொட்டியில் இறக்கி எடுப்பான். மற்றவர்கள் ஒரு முறை முக்குகிற இடத்தில் அவன் மூன்று முறை முக்குவான். அவன் முக்கினது பத்து வருஷம் நிறம் மாறாது. பேச்சு குறைவு. கல்யாணமான புதிதில் த்ரேசியா அவனை ஊமை என்று சந்தேகப்பட்டதாகவே சொல்லுவாள்.

வளையல் தொட்டிக்குள் போகும் முன்னால் ஒரு சின்ன வேலை உண்டு. உட்பக்கத்தில், ஊசி முனை அளவுக்கு ஒரு புள்ளி அடிக்கப்படும். அது த்ரேசியாவின் யோசனை. கல்யாணக் கூட்டத்தில் நிஜமும் முலாமும் ஒரே கையில் கலந்து கிடக்குமே, இரவு கழற்றி வைக்கும்போது எது எது என்று பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா? விரல் நுனியால் தடவினால் போதும். வாங்குகிற தாயிடம் புள்ளியைக் காட்டுவாள், தாய் மகளிடம் சொல்லிக்கொள்வாள். மற்றபடி அந்த வளையல் எங்கே வாங்கினது என்று தலையை வெட்டினாலும் த்ரேசியாவின் வாயிலிருந்து வராது. சர்ச்சில் எதிரே பார்த்தால்கூடப் பின்வாசல்காரர்களிடம் அவள் சிரிப்பதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தன் வியாபாரத்துக்கு மூலதனம் என்று அவள் நினைத்தாள். அதில் அவளுக்கு நல்ல கர்வமும் உண்டு.

கடைக்கு 'பத்தரைமாற்று' என்று பெயர். அது வந்த கதையைக் கேட்டால் வியாபாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்து சொல்லுவாள். ஆரம்பித்த வருஷம், முதல் பெரிய கல்யாணம். பையனின் அத்தை ஒருத்தி, நகைக்கடைக் குடும்பம், பெண்ணின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். பார்த்துவிட்டு, பந்தியில் எல்லோரும் கேட்க, "பத்தரைமாற்று!" என்றாளாம். அவள் பிடித்துப் பார்த்தது லோனப்பனின் வளையல். அதே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த த்ரேசியா கையில் இருந்த அப்பத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்து லோனப்பனிடம் சொன்னாள். மறுநாளே பலகை எழுதியாயிற்று. டப்பாவின் மூடியிலும் அதே பெயர், பொன் எழுத்தில். கவரிங் என்ற சொல் டப்பாவில் எங்கும் கிடையாது. பின்வாசல்காரர்கள் வேண்டாம் என்றார்கள்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு சர்ச் பெருநாள் கடைகளில் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வளையல் வர ஆரம்பித்தது. பாக்கெட்டில் அதே பெயர், அதே பொன் எழுத்து. மூன்று மாதத்தில் கறுத்தது, போட்ட கை பச்சையாயிற்று. பெண்கள் முன்வாசலுக்கு வந்து த்ரேசியாவின் முகத்துக்கு நேரே வளையலை ஆட்டினார்கள்.

"இதான் உன் பத்தரைமாற்றா? வெக்கமா இல்லையா சேச்சி உனக்கு?"

"மாதாவாணை அது என்னோடது இல்லடி!"

யார் நம்புவார்கள்? பெயர் இருக்கிறதே. த்ரேசியா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், திருச்சூர் டவுனில் வியாபாரக் குறிகளைப் பதிவு செய்து தருகிற மேனோன் வக்கீலைப் பார்க்கப் போனாள். பெயரைப் பதிந்துவிட்டால் பாக்கெட்டுக்காரனை நிறுத்தலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

மேனோன் நல்ல மனுஷர், அவசரக்காரர். "பேர் எப்படி வந்ததுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, விண்ணப்பத்தோட வெச்சுடலாம்" என்றார். கேட்க வேண்டுமா! த்ரேசியா ஒரு பக்கத்துக்கு மூன்று பக்கம் எழுதினாள். அத்தையை எழுதினாள், பந்தியை எழுதினாள், அப்பத்தைக்கூட விடவில்லை. மேனோன் அதைப் படிக்காமலே மொழிபெயர்ப்புக்குக் கொடுத்து, விண்ணப்பத்தோடு சென்னையில் இருக்கிற பதிவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்.

சில மாதம் கழித்து ஆட்சேபக் கடிதம் வந்தது. பத்தரைமாற்று என்றால் கலப்பில்லாத தங்கம். சரக்கோ முலாம் பூசின பித்தளை. இப்படிப்பட்ட குறி மக்களை ஏமாற்றக்கூடியது. சட்டப்படி ஏன் மறுக்கக் கூடாது? கீழே, விண்ணப்பதாரரே இணைத்திருக்கும் வரலாற்றையும் பார்க்கவும் என்று ஒரு வரி.

மேனோன் அப்போதுதான் அந்த மூன்று பக்கத்தைப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"த்ரேசியா சேச்சி, நகைக்கடைக் குடும்பத்து அத்தையே ஏமாந்து போனான்னு நாமளே எழுதிக் கொடுத்திருக்கோம்."

"ஏமாந்தது இல்ல சாரே, பாராட்டினது!"

"அந்தம்மா தங்கம்னு நெனச்சாங்களா இல்லையா?"

"நெனச்சாங்க."

"அதுக்குப் பேர் என்ன?"

த்ரேசியாவுக்குக் கோபம் வந்தது. "வாங்கினவ அத்தை இல்லையே சாரே. வாங்கினது பொண்ணோட அம்மா. அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்துல என்கிட்ட தங்கம்னு நெனச்சு ஒருத்தர் வாங்கினது இல்ல. ஒருத்தர்!"

மேனோன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதைச் சொல்லுங்க. அதுதான் நம்ம பிடி. தெரிஞ்சேதான் வாங்கினோம், நாங்க ஏமாறலன்னு பத்து வாடிக்கைக்காரங்க பிரமாணப் பத்திரம் கொடுத்தா, விசாரணையில பேசிப் பார்க்கலாம்."

பத்து என்ன, நூறு கொண்டு வருகிறேன் என்று த்ரேசியா கிளம்பினாள். அவள் எவ்வளவு பெரிய அப்பாவி என்பது அந்த வாரத்தில்தான் தெரிந்தது.

முதலில் பிலோமினா வீடு. மகள் கல்யாணத்துக்கு எட்டு வளையலும் ஒரு மாலையும் வாங்கினவள். கூடத்தில் மருமகன் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். பிலோமினா த்ரேசியாவைக் கண்டதும் முகம் வெளுத்துப்போய், "நம்ம ஜெபக் கூட்டத்துச் சேச்சி" என்று மருமகனுக்கு அறிமுகம் செய்து, அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அச்சப்பமும் குழலப்பமும் தட்டு நிறைய வைத்தாள். த்ரேசியா பையிலிருந்து காகிதத்தை எடுக்கும் முன்னால் பிலோமினா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்குப் புண்ணியமாப் போகும், அதை வெளியே எடுக்காதே."

"ஒரு கையெழுத்துதான் பிலோமினா. சென்னை ஆபீஸ்ல இருக்கும், இங்க யாரும் பார்க்க மாட்டாங்க."

"சென்னையில எங்க சம்பந்தி தம்பி இருக்கான்!"

அடுத்தது வறீது மாஷ். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவர். காகிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார், இரண்டு இடத்தில் பிழை திருத்தினார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"வாசகம் நல்லா இருக்கு. ஆனா நான் உங்களை இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்லையே."

"மாஷே, போன ஞாயிறு சர்ச்சில எனக்குப் பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்தீங்க!"

"சர்ச்சில பார்த்திருக்கேன். கடையில பார்த்தது இல்ல."

குஞ்ஞேலி என்கிற விதவை மட்டும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை: அதிகாரி படித்தவுடன் காகிதத்தை எரித்துவிட வேண்டும். அதையும் எழுதித் தர வேண்டும்.

ஏழு வீடு ஏறினாள். ஏழு வீட்டிலும் சாயா, பலகாரம், ஒரு வீட்டில் மீன் குழம்போடு சாப்பாடே. கையெழுத்து மட்டும் இல்லை. கோபப்படவும் அவளுக்கு வழியில்லை. இந்த மௌனத்தைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே. வீட்டுக்கு வந்து லோனப்பனிடம் புலம்பினாள்.

"தெரிஞ்சு வாங்கினது எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதுன்னு சொல்ல ஒருத்திக்கு வாய் வரல."

லோனப்பன் வளையலைத் தேய்த்துக்கொண்டே, "சொல்ல முடியறதா இருந்தா அவங்க ஏன் நம்மகிட்ட வரணும்?" என்றான். அந்த மாதத்தில் அவன் பேசின நீளமான வாக்கியம் அதுதான்.

பட்டியலில் எட்டாவதாக இருந்தது தேவஸ்ஸி, மர அறுப்பு மில்லில் வேலை பார்த்தவர். வீடு பூட்டிக் கிடந்தது. தேவஸ்ஸி இறந்து இரண்டு வருஷமாயிற்று என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். மகள் லின்ஸி இரிஞாலக்குடாவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். த்ரேசியா தன் பெயரையும் கடையின் பெயரையும் சொல்லி, ஒரு பத்திரம் எழுதி வாங்க வேண்டும், மகள் வந்தால் சொல்லுங்கள் என்று போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தாள்.

போன் வரவில்லை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு லின்ஸியே வந்தாள். முன்வாசல் வழியாக வந்தாள், குடை இல்லாமல். கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். பொன் எழுத்து கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

"இது உங்க டப்பாதானே?"

த்ரேசியாவின் கை தானாகவே டப்பாவை மூடப் போயிற்று. "உள்ள வா மோளே, உள்ள பேசலாம்."

"இங்கயே பேசலாம்."

முன்னால் நின்ற நாலு பேரும் ஜிமிக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

லின்ஸி குரலை உயர்த்தவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் அவளுடைய அப்பன் இந்த டப்பாவைக் கொடுத்தார். மூடியைக் காட்டி, "பார் மோளே, பத்தரைமாற்றுன்னு போட்டிருக்கு, உன் அப்பன் குறை வைக்கல" என்றார். அவள் நம்பினாள். ஏன் நம்பக்கூடாது? ஒரு வருஷம் கழித்து, கைக்குழந்தைக்கு ஆபரேஷன் என்றபோது, புருஷன் இந்த ஆறு வளையலையும் அடகுக் கடைக்கு எடுத்துப் போனான். உரைகல்லில் தேய்த்துப் பார்த்தவன் கதவை மூடச் சொன்னான். போலித் தங்கம் கொண்டு வந்தவன் என்று சாயங்காலம் வரை அவனை உட்கார வைத்தார்கள். போலீஸ் வந்து விசாரித்து, ஏமாந்தவன்தான் என்று தெரிந்து அனுப்பினார்கள்.

"குழந்தை பிழைச்சுதா?" என்று த்ரேசியா கேட்டாள்.

"பிழைச்சுது. வேற இடத்துல பணம் புரட்டினாரு. ஆனா அன்னையிலேர்ந்து ஏழு வருஷமா, நான் வீட்டுக்குள்ள இருந்தா அவரோட அம்மா அலமாரியைப் பூட்டிட்டுத்தான் குளிக்கப் போவாங்க."

"அப்பவே ஏன் மோளே என்கிட்ட வரல?"

"வந்து கத்தியிருந்தா உங்க மேலயா விழும்? என் அப்பன் மேல விழும். அவர் உயிரோட இருந்தாரு."

த்ரேசியா டப்பாவைத் திறந்து ஒரு வளையலை எடுத்தாள். உட்பக்கம் விரலை ஓட்டினாள். வழவழவென்று இருந்தது. இரண்டாவதும் அப்படியே. அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தேவஸ்ஸி பின்வாசலில், சட்டையில் மரத்தூளோடு, குடையைக்கூட மடக்காமல் நின்றது. "புள்ளி வேண்டாம் த்ரேசியா. தாயில்லாப் பொண்ணு. அவளுக்கே தெரிய வேண்டாம், சந்தோஷமாப் போகட்டும்." அவள் முதலில் மாட்டேன் என்றாள். அவர் அழுதார். வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் புள்ளி இல்லாமல் கொடுத்தாள். நல்லது செய்ததாகவே நினைத்து, அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

அவள் அதை அப்படியே லின்ஸியிடம் சொன்னாள். நாலு பேர் நிற்கிறார்கள் என்பதுகூட மறந்துபோயிற்று. லின்ஸி கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்பன் அழுதாரா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "பத்திரம் ஏதோ வேணும்னீங்களாமே. எழுதித் தரேன். ஆனா நடந்ததைத்தான் எழுதுவேன்" என்றாள்.

அப்படித்தான் த்ரேசியாவுக்கு ஒரே ஒரு பிரமாணப் பத்திரம் கிடைத்தது. முத்திரை, கையெழுத்து, சாட்சி எல்லாம் சரியாக இருந்தது. மேனோன் படித்தார், இந்த முறை இரண்டு தடவை.

"இதைக் கிழிச்சுப் போடுங்க."

"சாரே..."

"இதை நாம காட்டணும்னு ஒரு கட்டாயமும் இல்ல. வாடிக்கைக்காரங்க வெளியே வரத் தயங்கறாங்கன்னு சொல்லிப் பார்க்கறேன். நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும். அதுல நீங்க கெட்டிக்காரிதானே?"

விசாரணை கம்ப்யூட்டர் திரையில், மேனோனின் அலுவலகத்திலேயே நடந்தது. அதற்குப் போக த்ரேசியா, பெருநாளுக்குக் கிறிஸ்தவப் பெண்கள் உடுத்துகிற வெள்ளைச் சட்டையும் முண்டும் உடுத்திக்கொண்டாள். லின்ஸியின் பத்திரத்தைக் கிழிக்காமல் மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். திரையில் சென்னை அதிகாரி, நாற்பது வயதுப் பெண்மணி, காதில் சின்னதாக ஒரு தோடு. மேனோன் கால் மணி நேரம் பேசினார். இந்த ஊர் வழக்கம், இருபத்திரண்டு வருஷத்து நல்ல பெயர், கறுத்துப் போகிற பாக்கெட் சரக்கு, வாங்குகிறவர்களின் அறிவு. நன்றாகத்தான் பேசினார். அதிகாரி குறித்துக்கொண்டே வந்தார், பாக்கெட் விஷயத்தில் தலையைக்கூட ஆட்டினார். த்ரேசியாவுக்கு லேசாக நம்பிக்கை வந்தது.

அதிகாரி நிமிர்ந்தார். "அம்மா, நீங்க சொல்லுங்க. இந்தப் பேரைப் பார்த்து, தங்கம்னு நம்பி யாராவது ஏமாந்தது உங்களுக்குத் தெரியுமா?"

மேனோன் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

இல்லை என்ற ஒரு சொல் போதும். பெயர் கிடைக்கிறதோ இல்லையோ, வழி அடையாமல் இருக்கும். பாக்கெட்டுக்காரனின் மூஞ்சி கண் முன்னால் வந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பலகை வந்தது. பின்னாலேயே ஒரு வீட்டு அலமாரியும், அதைப் பூட்டிக்கொண்டு குளிக்கப் போகிற ஒரு கிழவியும் வந்தார்கள்.

"ஒருத்தி இருக்கா மேடம்" என்றாள். இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தாள். தலைகீழாகப் பிடித்திருந்தாள். மேனோன்தான் பெருமூச்சு விட்டு நேராக்கினார்.

உத்தரவு இரண்டு வாரத்தில் வந்தது. குறி பொதுமக்களை ஏமாற்றும் தன்மையுடையது, பதிவு மறுக்கப்படுகிறது. மேல்முறையீடு செய்யலாமா என்று மேனோன் ஒப்புக்குக் கேட்டார். வேண்டாம் என்றாள். பதிவுதான் இல்லை, பலகையில் பெயர் இருந்தால் இப்போதைக்கு யாரும் பிடுங்கப் போவதில்லை என்றும் சொன்னார். அதற்குள் லோனப்பன் ஏணி போட்டு ஏறிப் பலகையை இறக்கியிருந்தான். அவளைக் கேட்கவுமில்லை. புதுப் பலகையில் 'த்ரேசியா கவரிங்' என்று எழுதினார்கள். டப்பாவிலும் அதே. கூடவே த்ரேசியா ஒரு சட்டம் கொண்டு வந்தாள்: கல்யாணப் பெண் நேரில் வந்து புள்ளியைத் தடவிப் பார்க்காமல் வளையல் கிடையாது. பின்வாசல் கூட்டம் பாதியாயிற்று. பாக்கெட்டுக்காரன் பெருநாளுக்குப் பெருநாள் கடை போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவனைப் பார்த்தால் இன்றைக்கும் அவளுக்கு வயிறு எரியும்.

சர்ச்சில் கொச்சுப் பெருநாள் என்கிற சின்னத் திருவிழா முடிந்த வாரம் லின்ஸி மறுபடி வந்தாள். கூடவே அவளுடைய மகள், ஏழு வயது இருக்கும். அதே டப்பா.

"இந்த ஆறுலயும் புள்ளி அடிச்சுத் தாங்க."

"எதுக்கு மோளே இப்ப?"

"எனக்குப் போட்டுக்கத்தான். என் அப்பன் வாங்கிக் கொடுத்தது. ஏழு வருஷமா கையில மாட்டல."

லோனப்பன் எழுந்து உளியை எடுத்தான். த்ரேசியா அதை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். வளையலைக் கட்டையில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். அடித்த இடத்தில் முலாம் விட்டு, பித்தளை மங்கலாக வெளியே தெரிந்தது. பழக்கமில்லாத கை என்பதால் புள்ளி கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது.

"இரு, ஒரு தடவை தொட்டியில முக்கித் தரேன். அஞ்சு நிமிஷம். தெரியாமப் போயிடும்."

"வேண்டாம் சேச்சி" என்றாள் லின்ஸி. "தெரியட்டும்."

ஆறையும் வாங்கி அங்கேயே கையில் போட்டுக்கொண்டாள். மகள் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பி, ஒவ்வொரு வளையலாக விரல் விட்டுத் தடவிப் பார்த்தாள். இருவரும் முன்வாசல் வழியாக இறங்கி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்கள்.